கீர்த்தனை பாடிய முன்சீப்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

“தமிழில் வெளிவந்த முதல் நாவல் எது?” என்று தமிழம்மா கேட்டால் எங்கள் வகுப்பில் அத்தனை கைகளும் ஒன்றாக உயரும். “பிரதாப முதலியார் சரித்திரம்.” “ஆசிரியர்?” “மாயூரம் வேதநாயகம் பிள்ளை.” “ஆண்டு?” “1879.” அத்துடன் ஒரு மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். அந்த ஒரு மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஓர் இசைப்புலவர் நிற்கிறார் என்பது சென்ற ஆண்டு வரை எனக்குத் தெரியாது. அவர் நம்மில் பலரைப் போல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து செபமாலை சொல்லி வளர்ந்தவர் என்பதும் தெரியாது. அன்புத் தோழியரே, தெரியவந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

குரோம்பேட்டையில் ஒரு மாமியிடம் நான்கு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்றுவருகிறேன். சனிக்கிழமை காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், அதற்கடுத்தது குரோம்பேட்டை. போவதற்குப் பத்து நிமிடம். ரயிலுக்குக் காத்திருப்பதற்குத்தான் அதைவிட அதிக நேரம்! சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் எல்லாம் முடித்து, பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்காக மாமி முதன்முதலாக ஒரு தமிழ்க் கீர்த்தனை சொல்லிக் கொடுத்தார்கள். அது முருகப் பெருமான் மீது பாடப்பட்டது.

வீட்டில் அதைப் பாடிப் பழகினேன். அன்றிரவு செபமாலை முடிந்ததும் பாட்டி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “பூசையில பாடுற வாயால இதையும் பாடலாமா, கண்ணு?” என்று கேட்டார்கள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாட்டி திட்டவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்கள். அதுதான் எனக்குச் சங்கடமாகிவிட்டது. சொல்லப்போனால் எனக்குள்ளும் அந்தக் கேள்வி இருந்தது. பாட்டு பிடித்திருந்தது, பாடும்போது ஏதோ தவறு செய்கிறோமோ என்ற உறுத்தலும் இருந்தது. இரண்டு சனிக்கிழமைகள் தலைவலி என்று சொல்லி வகுப்புக்கே போகவில்லை.

மூன்றாவது வாரம் மாமி தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அம்மா தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்லிவிட்டார்கள். மாமி கோபித்துக்கொள்வார்கள் என்று நான் கதவோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். “அவ்வளவுதானே! குழந்தையை அனுப்புங்கோ. அவாளுக்கும் பிடிக்கற பாட்டு என்கிட்ட இருக்கு” என்றார்களாம். நான் போனபோது மேலட்டை கிழிந்த ஒரு பழைய புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார்கள். “சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்” என்று முதல் பக்கத்தில் இருந்தது. அதன் கீழே, நாங்கள் ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அதே பெயர்!

அந்தப் பாட்டை நான் வீட்டில் பாடியபோது பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பல்லவி, அனுபல்லவி இரண்டையும் கேட்டுவிட்டு, கையில் இருந்த இணுக்கைத் தட்டில் போடாமலே, “இது நம்ம பாட்டா, அவங்க பாட்டா?” என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. நூலகப் பொறுப்பாளர் சிஸ்டரிடம் போய் நின்றேன். அவர்கள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த புத்தகங்களிலிருந்தும், தமிழம்மாவும் மாமியும் சொன்னவற்றிலிருந்தும் அறிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தமிழ்க் கிறிஸ்தவ இசையில் இரண்டு வேதநாயகங்கள் உண்டு. ஒருவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரின் பள்ளித் தோழர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். மற்றவர்தாம் நம் கட்டுரை நாயகராகிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889). இவர் கத்தோலிக்கர். நான் எழுதிய முதல் குறிப்பில் இருவரையும் ஒருவராக்கி, முன்சீப்பை மன்னரோடு பள்ளிக்கு அனுப்பிவிட்டேன். சிஸ்டர் சிவப்பு மையால் கோடிழுத்துச் சிரித்தார்கள்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். அந்தப் பெயர்களைப் பாருங்கள்! சவேரியாரும் ஆரோக்கிய மாதாவும் அந்த வீட்டில் குடியிருந்தார்கள் என்றே சொல்லலாம். முதல் எழுத்துகளைத் தந்தையாரிடம் கற்றார். பிறகு திருச்சியில் தியாகராச பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் பயின்றார். அவர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எனவே மாணவரும் நீதிமன்றப் பக்கமே போனதில் வியப்பில்லை. ஆவணங்களைக் காக்கும் வேலை, பின்னர் மொழிபெயர்ப்பாளர் வேலை என்று படிப்படியாக ஏறி, 1857-இல் தரங்கம்பாடியில் மாவட்ட முன்சீப் ஆனார். அப்போது அவருக்கு வயது 30 அல்லது 31. இந்தியர்கள் நீதிபதி நாற்காலியில் உட்காருவது அபூர்வமாக இருந்த காலம் அது.

தரங்கம்பாடி, 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்த ஊர். 1706-இல் சீகன்பால்கு ஐயர் வந்திறங்கி, பிறகு தமிழ் அச்சுக்கூடம் வைத்த ஊர். அங்கிருந்து சீர்காழிக்கும், பின்பு மாயூரத்துக்கும் மாற்றலாகி வந்தார். மாயூரத்தில் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தமையால் ஊர்ப் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாயூரம் என்பது 1982 முதல் மயிலாடுதுறை எனப்படுகிறது. (நம் தாம்பரத்தில் நின்று போகும் சோழன் எக்ஸ்பிரஸில் ஏறினால் அங்கே இறங்கலாம்.) எங்கள் பாட்டி பிறந்ததும் அந்தப் பக்கம்தான். ஆனால் அவர்கள் வாயில் அது இன்னும் ‘மாயவரம்’தான்!

காவிரிக் கரையில் அந்தக் காலத்தில் தண்ணீரைப் போலவே பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐயாறு என்னும் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் 1847-இல் மறைந்தபோது வேதநாயகருக்கு வயது 20. அவர் முன்சீப்பாக இருந்த சீர்காழியோ முத்துத்தாண்டவரும், ‘இராம நாடகம்’ பாடிய அருணாசலக் கவிராயரும் வாழ்ந்த மண். அவர் மாயூரத்தில் இருந்தபோது அதே ஊரில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அங்கே இருந்தார். பின்னாளில் தமிழ்த் தாத்தா எனப் பெயர் பெற்ற உ. வே. சாமிநாதையர் பதினாறு வயதுச் சிறுவராக 1871-இல் மகாவித்துவானிடம் பாடங்கேட்க வந்ததும் அந்த ஊருக்குத்தான்.

இங்கே ஒரு சுவையான செய்தி. சாமிநாதையர் தமிழ்ப் பாடத்தோடு பாரதியாரிடம் இசையும் கற்றுவந்தார். அது மகாவித்துவானுக்குப் பிடிக்கவில்லையாம்! இசையில் மனம் போனால் இலக்கண இலக்கியத்தில் புத்தி செல்லாது என்பது அவர் எண்ணம். ஆகவே சாமிநாதையர் இசையை விட்டுவிட்டார். இதை ஐயர் அவர்களே ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கிறார். அரசாங்கத் தேர்வு ஆண்டில் “பாட்டு போதும், கணக்கைப் பார்” என்று கேட்டுக்கேட்டுக் காது புளித்த எனக்கு இதைப் படித்தபோது சற்று ஆறுதலாக இருந்தது.

மகாவித்துவானோ சைவப் பழம்; திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவான். வேதநாயகரோ கத்தோலிக்க நீதிபதி. இருவரும் உயிர் நண்பர்கள். முன்சீப் சீர்காழியில் இருந்தபோது அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் ‘குளத்துக் கோவை’ என்ற நூலையே பாடினார். குளத்தூர்க்காரர் ஆகையால் அந்தப் பெயர். வேதநாயகரும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் கல்வியையும் கொடையையும் பாராட்டிச் செய்யுட்கள் எழுதியிருக்கிறார். ஒரு சைவ மடத்தின் தலைவரைக் கத்தோலிக்கர் ஒருவர் தமிழில் புகழ்கிறார். இதனால் இருவர் சமயத்துக்கும் ஒரு குறையும் வந்துவிடவில்லை. இந்த இடத்தைப் பாட்டிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

சரி, கீர்த்தனைக்கு வருவோம். ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ 1878-இல் வெளிவந்தது. சமரசம் என்றால் எல்லாவற்றையும் கலந்து குழம்பாக்குவது என்று நான் தவறாக நினைத்திருந்தேன். புத்தகத்தைப் பார்த்த பிறகு அப்படியன்று என்று தெரிந்தது. அவர் கடவுளைப் பாடுகிறார். ஆனால் ஒரு சமயத்தார் மட்டுமே வழங்கும் திருப்பெயரை வைத்துப் பாடவில்லை. படைத்தவர், காப்பவர், தந்தை, தாய், அரசர் என்று எவரும் சொல்லக்கூடிய முறையில் அழைக்கிறார். இந்துவும் பாடலாம், முகம்மதியரும் பாடலாம், நாமும் பாடலாம். யாரும் ஒரு சொல்லை விழுங்கிவிட்டுப் பாட வேண்டியதில்லை. இராகமும் தாளமும் குறித்து, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முறைப்படி அமைத்திருக்கிறார். கச்சேரிக்கு ஏற்ற கீர்த்தனைகள் இவை. இன்றும் வித்துவான்கள் மேடையில் பாடுகிறார்கள். இயற்றியவர் கிறிஸ்தவர் என்று தெரியாமலே கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் நிறையப் பேர் என்று மாமி சொன்னார்கள்.

கடவுள் துதி மட்டுமல்ல. மனத்துக்குப் புத்தி சொல்லும் பாட்டு உண்டு. உத்தியோகஸ்தருக்கு உபதேசம் உண்டு. இலஞ்சம் வாங்குவோரைச் சாடும் பாட்டு உண்டு. இலஞ்சத்தை அவர் விட்டபாடில்லை! 1859-இல் வெளியிட்ட ‘நீதிநூ’லிலேயே கைக்கூலி என்று ஓர் அதிகாரம் வைத்துக் கண்டித்திருக்கிறார். நீதிமன்றத்தில் உட்கார்ந்து தினந்தோறும் பார்த்தவர் அல்லவா? ஆங்கிலத்தில் இருந்த தீர்ப்புகளை, 1805 முதல் 1861 வரையுள்ளவற்றை, தமிழில் தொகுத்து 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டவரும் அவரே. வழக்காட வந்தவனுக்குத் தன் வழக்கு என்னவென்று புரியாத மொழியில் நீதி சொல்வதா என்பது அவருடைய தீராத ஆதங்கம். நாவலிலும் இதைப் பற்றிக் கதாபாத்திரங்கள் வாயிலாக நன்றாக வாங்கு வாங்கு என்று வாங்குகிறார்.

சமரசம் அவருக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் யோசித்தேன். இது என் சொந்த எண்ணம், தவறாகவும் இருக்கலாம். காலை முதல் மாலை வரை அவர் முன்னால் எல்லாச் சமயத்தாரும் வந்து நின்றார்கள். நிலத் தகராறில் திருநீறு பூசியவரும் பொய் சொல்வார், சிலுவை அணிந்தவரும் பொய் சொல்வார். உண்மை சொல்பவர்களும் எல்லாப் பக்கத்திலும் இருப்பார்கள். பதினைந்து வருஷம் நடுநிலையில் உட்கார்ந்து கேட்டவருக்கு, கடவுளும் அப்படித்தான் எல்லார் பேச்சையும் கேட்கிறார் என்று தோன்றியிருக்கும். சமரசம் என்ற சொல்லும் அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது. வடலூரில் இராமலிங்க சுவாமிகள் (1823–1874) சமரச சன்மார்க்கம் பேசிக்கொண்டிருந்தார். அவர் வேதநாயகரைவிட மூன்றே வயது மூத்தவர்.

“அப்படியானால் அவருக்கு நம் வேதத்தில் விசுவாசம் குறைவோ?” என்று பாட்டி கேட்டார்கள். நல்ல கேள்வி. நானும் இதைத்தான் அதிகம் தேடினேன். சமரசக் கீர்த்தனை பாடிய அதே கைதான் ‘சத்திய வேதக் கீர்த்தனை’ எழுதியது. ‘தேவமாதா அந்தாதி’, ‘திருவருள் மாலை’, ‘திருவருள் அந்தாதி’, ‘பெரியநாயகி அம்மை பதிகம்’ எழுதியது. பெரியநாயகி என்பது விருத்தாசலத்துக்கு அருகில் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் நம் மாதாவுக்குச் சூட்டிய திருப்பெயர். அந்தாதி என்றால் ஒரு செய்யுளின் கடைசிச் சொல் அடுத்த செய்யுளின் முதற்சொல்லாக வருவது. ஒன்றை விட்டால் அடுத்தது வராது. ஒன்றைப் பிடித்தால் மாலை முழுவதும் கைக்கு வந்துவிடும். செபமாலை உருட்டிப் பழகியவருக்கு அந்தாதி பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

நம் கோயிலில் ஞாயிறு தோறும் பாடற்குழுவில் ஆர்மோனியமும் தபேலாவும் கீபோர்டும் வைத்துத் தமிழில் பாடுகிறோம். வேதநாயகர் காலத்தில் பூசை இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தைப் பார்த்தபடி இலத்தீனில் செபித்தார். தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் தேர்ப்பவனியிலும், நவநாள் வேளையிலும், வாசாப்பு எனப்படும் நாடகங்களிலும், வீட்டுத் திண்ணையிலும்தான் ஒலித்தது. அதாவது, இவ்வளவு கீர்த்தனை பாடிய மனிதர் தம் பாட்டில் ஒன்றைக்கூட நாம் இன்று பாடுவதுபோல் பூசையின் நடுவில் பாடக் கேட்டிருக்க முடியாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில்தான் மக்கள் தாய்மொழியிலும், அந்தந்த நாட்டு இசை மரபைப் போற்றியும் வழிபட வழி திறந்தது. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் புனிதத்தையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று 1965-இல் இன்னோர் ஏடு வந்தது. 1878-க்கும் 1965-க்கும் இடையே 87 ஆண்டுகள்! மாயூரத்து முன்சீப் அவ்வளவு முன்னால் நடந்துபோயிருக்கிறார். பிறகு 1977-இல் திருச்சியில் கத்தோலிக்கக் குருக்கள் ‘கலைக் காவிரி’யைத் தொடங்கி, கர்நாடக இசையும் பரதமும் கற்பிக்க முற்பட்டார்கள். அவர் பிறந்த மாவட்டத்தில்தானே அது நடக்க வேண்டும்!

இனி நான் சொல்லப்போவது பாட்டைப் பற்றியது மட்டும் அல்ல. 1876-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அந்தத் தமிழாண்டின் பெயர் தாது. ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று கிராமத்துப் பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததை உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

அதன் தழும்பு நம் பக்கத்திலும் இருக்கிறது. அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் தூரம் ஒரு கால்வாய் போகிறதே, பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கிற கால்வாய், அது 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரே அதற்கும் வைக்கப்பட்டது. அந்த நாளில் நிவாரண வேலைக்காரர்களுக்கு ஒரு கட்டத்தில் குறைக்கப்பட்ட கூலி எவ்வளவு தெரியுமா? நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு இராத்தல் தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஓர் அணா. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. நான் வீட்டில் 450 கிராம் அரிசியை நிறுத்துப் பார்த்தேன். பெரிய டம்ளரால் இரண்டு டம்ளர் வந்தது. திருவான்மியூருக்கு மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கால்வாயின் நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இப்போது மூக்கைப் பிடிக்கும்போது அந்த இரண்டு டம்ளர் நினைவுக்கு வந்துவிடுகிறது.

பஞ்சம் வந்தபோது வேதநாயகர் முன்சீப் பதவியில் இல்லை. 1872-இலேயே விலகிவிட்டார். மாதச் சம்பளம் வருகிற மனிதர் தானம் செய்வது ஒரு வகை. சம்பளம் நின்றபின் செய்வது வேறு வகை. அவர் தம் பொருளை எடுத்துப் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். இருந்ததையெல்லாம் அதில் போட்டுவிட்டார் என்றே அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அந்த நாட்களில் மழைக்காகவும், பசியால் வாடிய மக்களுக்காகவும் கடவுளிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். சமரசக் கீர்த்தனை நூல் வெளிவந்த 1878 பஞ்சம் முடிந்த ஆண்டு என்பதை நான் காகிதத்தில் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோதுதான் கவனித்தேன். கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறவரிடம் “நீர் எந்த வேதம்?” என்று கேட்டுவிட்டா அகப்பையைச் சாய்க்க முடியும்? பாட்டிலும் அவர் கேட்கவில்லை.

அவருடைய கொடையைக் கண்டு உருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரை மேரு மலைக்கு ஒப்பிட்டு ஒரு கீர்த்தனையே பாடினார். பாரதியார் சிவபக்தர், பிரமசாரியாகவே வாழ்ந்தவர், செல்வரைப் புகழ்ந்து பிழைக்கிறவர் அல்லர். நந்தனாரைப் பாடிய வாயால் ஒரு கத்தோலிக்கரைப் பாடினார். பாட்டி என்னிடம் கேட்ட கேள்வியை அன்று பாரதியாரிடமும் யாராவது கேட்டிருப்பார்களோ?

பெண்களாகிய நாம் அவருக்குப் பட்ட கடன் தனி. ‘பெண்மதி மாலை’யைச் செய்யுளில் எழுதி, பெண்கல்விக்காக உரைநடையிலும் வாதாடினார். மாயூரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். பெண் குழந்தை எழுத்துக் கற்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று பேசிய காலம் அது. அவர் நாவலில் வரும் ஞானாம்பாளைப் பாருங்கள்: கணவன் அசடு வழிகிறபோதெல்லாம் அவள்தான் வழி கண்டுபிடிக்கிறாள். ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். 1887-இல் வந்த இரண்டாவது நாவலுக்கும் ‘சுகுண சுந்தரி’ என்று பெண்ணின் பெயரையே வைத்தார். (ஒரு மதிப்பெண் வினாவோடு நின்றுவிடாமல் ‘பிரதாப முதலிய’ாரைப் படித்துப் பாருங்கள். முதல் சில பக்கங்களில் நடை சற்றுக் கடினம். அதன்பின் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.)

1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அவர் காலமானார். அவர் பாட்டுகள் மறையவில்லை. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றி, மேடைகளில் தமிழ்ப் பாட்டும் ஒலிக்க வேண்டும் என்று முயன்ற நாட்களில், தேடியவர்களுக்குக் கிடைத்த கீர்த்தனைகளில் இவருடையவையும் இருந்தன. அவருடைய கொள்ளுப்பேரர்தாம் திரைப்பட இசையமைப்பாளர் விஜய் ஆண்டனி. இதை வகுப்பில் சொன்னபோதுதான் கடைசி பெஞ்சுத் தோழிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வேதநாயகருக்கு அது சற்று வருத்தமாகத்தான் இருந்திருக்கும்!

போட்டியில் எனக்குப் பரிசு கிடைக்கவில்லை. இரண்டாம் சரணத்தில் தாளம் ஓடிவிட்டது. முருகன் மீதான கீர்த்தனையையும் நான் விட்டுவிடவில்லை. மாமியிடம் கேட்டு முழுவதும் கற்றுக்கொண்டேன். “வகுப்பில பாடமாப் படி. வீட்டில எனக்கு முன்சீப் பாட்டைப் பாடு” என்று பாட்டி பாதி சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். மீதிப் பாதியை நான் இன்னும் கேட்கவில்லை.

சென்ற மாதம் மாமிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, பாட்டி என்னோடு முதல் தடவையாக மின்சார ரயில் ஏறிக் குரோம்பேட்டைக்கு வந்தார்கள். ஒரு தூக்கில் மிளகு ரசம். மாமி கட்டிலில் சாய்ந்தபடி, “உங்க ஊர்க்காரர் பாட்டை உங்க பேத்தி எப்படிப் பாடறா?” என்று கேட்டார்கள். “பாட்டு சரிதான். ரெண்டாவது சரணத்துல அவசரப்படுறா” என்றார்கள் பாட்டி. நான் திகைத்துப் போனேன். பாட்டிக்குத் தாளம் தெரியும் என்று எனக்கு இதுவரை யாருமே சொல்லவில்லை. “எங்க, இப்பப் பாடு” என்று இருவரும் ஒரே குரலில் சொல்ல, நான் பல்லவியை எடுத்தேன். மாமி தொடையில் ஆதி தாளம் போட்டார்கள். பாட்டி செபமாலை சுற்றிய கையாலேயே மரநாற்காலியின் பிடியில் தட்டினார்கள். மணிகள் கட்டையில் பட்டு ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டன. இரண்டாம் சரணத்தில் நான் மறுபடியும் அவசரப்பட்டேன். இருவரும் ஒன்றாக நிறுத்திவிட்டார்கள்.